தமிழ்நாட்டில் இயங்குதள மாற்றமும் மடிக்கணினி ஆயத்தமும்

இயங்குதள மேம்பாடு என்பது, கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் இயங்குதளத்தின் ஒரு பெரும்பதிப்பிலிருந்து அடுத்த பெரும்பதிப்புக்கு மாறுவதாகும். விண்டோஸ் எக்ஸ்பியிலிருந்து 7க்கும், 7இலிருந்து 10க்கும், 10இலிருந்து 11க்கும் நடந்தவை இத்தகைய மாற்றங்கள். சேலம், நாமக்கல் பக்கத்துக் கடைகளில் இதற்கு 'ஓ.எஸ். போடுவது' என்று பெயர். மாற்றத்துக்கு முன் மடிக்கணினியில் செய்ய வேண்டியவை என்று பொதுவாகச் சொல்லப்படுபவை நான்கு: வன்தட்டில் இடம் இருக்கிறதா, வன்பொருள் தாங்குமா, இயக்கிகள் கிடைக்குமா, கோப்புகளுக்குப் படி எடுத்தாயிற்றா. தமிழில் தட்டச்சு செய்தவர்களுக்கு ஐந்தாவதாக ஒன்று எப்போதும் இருந்து வந்திருக்கிறது. கோப்பு பிழைத்தாலும் அதனுள் இருக்கும் தமிழ் பிழைக்குமா என்பதே அது. தமிழ்நாட்டில் இம்மாற்றங்கள் நடந்த விதத்தை, காவிரிக்கரையில் உள்ள மோகனூர் போன்ற சிற்றூர்களின் பக்கம் நின்று பார்க்கிறது இக்கட்டுரை.

எழுத்துருவுக்குள் இருந்த தமிழ்

1990களில் தமிழ்நாட்டில் கணினி பரவியபோது இயங்குதளங்களுக்குத் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துருக்களைக் கொண்டே தமிழ் எழுதப்பட்டது. பாமினி, வானவில் அவ்வையார், ஸ்ரீலிபி வகைகள் எல்லாம் இப்படிப்பட்டவை. பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் திரையில் அம்மா தெரியும். கோப்பினுள் இருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். எழுத்துருவை எடுத்துவிட்டால் அந்த ஐந்தும்தான் மிஞ்சும். வானவில்லின் குறியீட்டு முறை வேறு, ஸ்ரீலிபியின் முறை வேறு. ஒன்றில் அடித்ததை மற்றொன்றில் திறந்தால் படிக்க முடியாது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ்நெட் 99' மாநாடு நடந்தது. டாம், டாப் என்ற இரண்டு குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும் அதிலிருந்து வந்தவை. விசைப்பலகை நிலைத்துவிட்டது; குறியேற்றங்கள் நிலைக்கவில்லை. இணையத்தில் இயங்கிய தமிழர்கள் அதற்கு முன்பே டிஸ்கி என்ற இன்னொரு குறியேற்றத்தை உருவாக்கிப் பயன்படுத்தி வந்தார்கள். ஆக, ஒரே மொழிக்கு நான்கைந்து குறியேற்றங்களோடுதான் நாம் 2000ஆம் ஆண்டுக்குள் நுழைந்தோம்.

இவை அனைத்துக்கும் மாற்றான ஒருங்குறியில் 1991ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. ஆனால் இடம் இருந்தால் போதாது; அதைத் திரையில் சரியாகக் காட்ட இயங்குதளத்துக்குத் தெரிய வேண்டும். மைக்ரோசாஃப்டின் இயங்குதளங்களில் அதைச் செய்த முதலாவது விண்டோஸ் 2000. லதா என்ற எழுத்துரு அதனோடு வந்தது. நம் பக்கத்தில் பள்ளி, அலுவலகம், வீடு என்று பரவியது அது அல்ல. அடுத்து 2001 அக்டோபரில் வெளிவந்த எக்ஸ்பி.

எக்ஸ்பியில் ஒரு சிறு கட்டம்

எக்ஸ்பியில் தமிழ் இருந்தது, ஆனால் உறங்கிக்கொண்டிருந்தது. கட்டுப்பாட்டுப் பலகத்தில் வட்டார, மொழி அமைப்புகளுக்குள் போய், சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவும்படி ஒரு சிறு கட்டத்தில் குறியிட வேண்டும். உடனே அது எக்ஸ்பியின் குறுவட்டைக் கேட்கும். கடையில் பூட்டித் தந்த கணினிகளோடு குறுவட்டு வந்ததே அரிது. இதனால் ஒருங்குறி வந்து பல ஆண்டுகள் ஆன பின்னும் ஊர்ப்பக்கக் கணினிகளில் ஒருங்குறித் தமிழ் கட்டம் கட்டமாகவோ, கொம்பும் காலும் பிரிந்தோ தெரிந்தது. பார்த்தவர்கள் வானவில்லே மேல் என்று அதற்கே திரும்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மறுநாள் காலாண்டுத் தேர்வுக்கு வினாத்தாள் அச்சாக வேண்டும் என்றால், ஓர் ஆசிரியர் கைக்கு வருவதைத்தான் பயன்படுத்துவார்.

விளைவு என்னவென்றால், 2000களில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் உருவான வினாத்தாள்கள், பாடக் குறிப்புகள், ஆண்டு மலர்க் கட்டுரைகள் பெரும்பாலும் எழுத்துருவை நம்பியே இருந்தன. இயங்குதளம் மாறும்போதெல்லாம் இவை ஆபத்துக்கு உள்ளாயின. அந்த ஆபத்து எப்படி வந்தது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

எக்ஸ்பியிலிருந்து விண்டோஸ் 7க்கு நேரடி மேம்பாடு கிடையாது. பழையதைத் துடைத்துவிட்டுப் புதிதாகத்தான் நிறுவ வேண்டும். கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனால் கடைக்காரர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "சி டிரைவ்ல முக்கியமா ஏதாச்சும் இருக்குங்களா?" வந்தவர் யோசித்துவிட்டு "ஒண்ணும் இல்லீங்க, எல்லாம் டி டிரைவ்லதான்" என்பார். இந்தப் பதிலில் இரண்டு இழப்புகள் ஒளிந்திருந்தன. முதலாவது, திரை முகப்பில் வைத்த கோப்புகளும் 'என் ஆவணங்கள்' கோப்புறையும் சி டிரைவுக்குள்தான் இருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. கண்ணெதிரே தெரிவது கணினிக்கு 'உள்ளே' இருக்கும் என்று யாருக்கும் தோன்றாது அல்லவா? இரண்டாவது இழப்பு இன்னும் நுட்பமானது. டி டிரைவில் இருந்த கோப்புகள் அப்படியே தப்பிக்கும். ஆனால் எழுத்துருக்கள் இருக்கும் இடம் சி டிரைவில் உள்ள விண்டோஸ் கோப்புறை. அது துடைக்கப்படும்போது வானவில்லும் பாமினியும் போய்விடும். வீட்டுக்கு வந்து கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த ஒரு பக்கம் வரும். 'வைரஸ் தின்றுவிட்டது' என்று எண்ணி அந்தக் கோப்புகளை அழித்தவர்களை நான் அறிவேன். அழிந்தது ஒன்றுமில்லை, எழுத்துருவை மறுபடி நிறுவினால் எல்லாம் திரும்ப வந்திருக்கும்.

அரசின் பக்கத்தில் இதற்குத் தீர்வு 2010 ஜூனில் வந்தது. கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த நாள்களில், ஒருங்குறியும் டேஸ்16 என்ற அனைத்தெழுத்துக் குறியேற்றமும் அரசின் தரங்கள் என்று ஆணை வெளியானது. அதன் பிறகு தொடங்கிய புதிய ஆவணங்களுக்கு வழி தெரிந்தது. அதற்கு முன் அடித்தவை அவரவர் பொறுப்பாயின.

விலையில்லா மடிக்கணினி

2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் எல்காட் நிறுவனம் வழியாக இவை கொள்முதல் செய்யப்பட்டன. கணினியைப் பள்ளி ஆய்வகத்தில் வாரம் ஒருமுறை தொட்டுப் பார்த்த பிள்ளைகளின் வீட்டுக்கே அது வந்தது. இயங்குதளம் என்ற சொல் ஊர்ப்பக்கக் குடும்பங்களுக்கு உள்ளே நுழைந்ததும் இதனால்தான் என்பது என் கணிப்பு.

இம்மடிக்கணினிகளில் விண்டோசும் பாஸ் லினக்சும் அருகருகே இருந்தன. பாஸ் என்பது சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்சை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கி 2007இல் வெளியிட்ட இந்திய இயங்குதளம். தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகள் அதில் தொடக்கத்திலிருந்தே உண்டு. எல்காட்டுக்கு லினக்ஸ் புதிதும் அல்ல. உமாசங்கர் அதன் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, 2006–07இல் நிறுவனத்தின் சொந்தக் கணினிகளே சூசி லினக்சுக்கு மாற்றப்பட்டிருந்தன.

தொடக்கத்தில் வந்த பலவற்றில் இருந்த விண்டோஸ் 7 'ஸ்டார்ட்டர்' என்ற குறைந்த வசதிப் பதிப்பு. அதில் திரைப்பின்னணிப் படத்தைக்கூட மாற்ற முடியாது. பதினேழு வயதுப் பிள்ளைக்குப் புதுக் கணினி கிடைத்தால் முதலில் செய்ய விரும்புவது அதைத்தான். எனவே பாட மென்பொருளுக்காக அல்ல, ஒரு படத்துக்காகவே பலர் 'அல்டிமேட்' போடக் கடைக்குப் போனார்கள். அது உரிமம் இல்லாத படியாகத்தான் இருந்தது.

இங்கேதான் இரட்டை இயங்குதளத்தின் சிக்கல் தெரிய வந்தது. கணினியைத் தொடங்கும்போது 'எது வேண்டும்' என்று கேட்கும் பட்டியலைக் காட்டுவது லினக்சின் கிரப் என்ற தொடக்க நிரல். விண்டோசை மறுபடி நிறுவினால் அது கிரப்பின் இடத்தில் தன் தொடக்க நிரலை எழுதிவிடும். பாஸ் வன்தட்டில் இருக்கும், ஆனால் அதற்குள் நுழைய வாசல் இராது. இதற்கு நேர்மாறும் நடந்தது. இடம் போதவில்லை என்று விண்டோசுக்குள் இருந்தபடியே லினக்ஸ் பகுதியை அழித்தவர்களுக்கு, அடுத்த முறை பொத்தானை அழுத்தியதும் கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்ற சொற்கள் மட்டும் வந்தன. விண்டோஸ் பழுதாகவில்லை, அதற்கு வழிகாட்டும் பலகையைத்தான் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். விண்டோஸ் நிறுவல் வட்டிலிருந்து தொடக்க நிரலை மட்டும் சரிசெய்தால் போதும் என்ற இடத்தில், முழு வன்தட்டையும் ஃபார்மட் அடித்த கதைகள் ஏராளம்.

அந்தக் காலத்தின் மின்வெட்டையும் சொல்லியாக வேண்டும். 2012இல் சென்னைக்கு வெளியே நாளின் பாதி நேரம் மின்சாரம் இல்லாத நாள்கள் இருந்தன. இயங்குதளம் நிறுவும்போது நடுவில் மின்சாரம் போனால் மேசைக்கணினி அரைகுறையாக நின்றுவிடும். மடிக்கணினிக்கு மின்கலம் உண்டு. அதுவும் முழுமையாக ஏறியிருந்தால்தான் உதவும். மின்சாரம் வரும் நேரத்தைக் கணக்கிட்டு வேலையைத் தொடங்குவது அப்போது ஆயத்தத்தின் முதற்படி.

2014 ஏப்ரல் 8

எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8 அன்று நிறுத்தியது. ஆதரவு நின்றால் கணினி நின்றுவிடாது. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள் வருவது நின்றுவிடும். 'ஓடுகிற வண்டியை எதற்கு மாற்ற வேண்டும்' என்ற கேள்வி லாரிக்குப் பெயர்பெற்ற எங்கள் மாவட்டத்தில் இயல்பாகவே எழும். வண்டிக்கு இந்த வாதம் பொருந்தும். வெளியாரின் கை எட்டும் தூரத்தில் இருக்கும் கணினிக்குப் பொருந்தாது.

அவ்வாண்டு தமிழ்நாடு அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை, எக்ஸ்பி ஓடும் கணினிகளில் பாஸ் லினக்சை நிறுவுமாறு துறைகளுக்கு அறிவுறுத்தியது. பழைய வன்பொருளை வீசாமல், உரிமக் கட்டணமும் இல்லாமல் மாறுவதற்கு அது நல்ல வழிதான். ஆனாலும் நடைமுறையில் விண்டோசே மேலோங்கி நின்றது. அதற்குக் காரணம் சோம்பல் என்று சொல்லிவிடுவது எளிது. என் பார்வையில் பெருங்காரணம், முன் பத்தாண்டுகளில் வானவில்லில் அடித்து வைத்த கோப்புகள். எழுத்துருவை லினக்சிலும் நிறுவலாம். ஆனால் வானவில்லுக்குப் பழகிய விசைப்பலகை மென்பொருள் விண்டோசுக்காக எழுதப்பட்டது. கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றாமல் இயங்குதளத்தை மட்டும் மாற்றச் சொன்னால் அலுவலக உதவியாளர் எப்படி மாறுவார்? கேரளத்தில் 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்குக் கொண்டுபோனபோது ஆசிரியர் பயிற்சி, பாடநூல், தேர்வு மூன்றையும் ஒன்றாக நகர்த்தியது. இங்கே பாடநூல் பின்னாளில் வந்தது: 2018இல் வெளியான பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் நூலில் விண்டோசுடன் உபுண்டுவும் பாடமாயிற்று.

மாற்றத்தைத் தள்ளிப்போட்டதன் விலை 2017 மே 12 அன்று உலகுக்குத் தெரிந்தது. வான்னாகிரை என்ற பணயத் தீநிரல் ஒரே நாளில் பல நாடுகளில் பரவி, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அது புகுந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே வெளியிட்டிருந்தது. அதிகம் பாதிக்கப்பட்டவை திருத்தம் நிறுவாத விண்டோஸ் 7 கணினிகள். வெளியே எடுத்து வைத்த படி கையில் இருந்தவர்கள் பணம் கட்டாமல் மீண்டார்கள்.

பத்துக்கு மாறிய காலம்

விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலை 29. 7, 8.1 வைத்திருந்தவர்களுக்கு ஓராண்டு வரை இலவசம் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. கோப்புகளை அழிக்காமல் அப்படியே ஏறி உட்காரும் மேம்பாடு அது. உரிமத்துடன் வந்த அரசு மடிக்கணினிகளுக்கு இது நல்ல வாய்ப்பு. ஆனால் பதிவிறக்க வேண்டிய அளவு ஏறத்தாழ 3 ஜிபி. அப்போது ஊர்ப்பக்கத்தில் ஒரு மாதத்துக்கே 1 ஜிபி போட்டுக்கொண்டு சிக்கனமாகச் செலவழித்தார்கள். சலுகை 2016 ஜூலை 29 அன்று முடிந்தது. ஜியோவின் சேவை தொடங்கியது அதே ஆண்டு செப்டம்பர் 5. ஐந்து வாரம் முந்தியிருந்தால் எத்தனை மடிக்கணினிகள் முறைப்படி மேம்பட்டிருக்கும் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

தமிழைப் பொறுத்தவரை 10இல் இன்னொரு மாற்றம் நடந்தது. ஒருங்குறிக்கு மாறிய பின் பலரும் லதாவிலும், 7உடன் வந்த விஜயாவிலும் கோப்புகளை வடிவமைத்திருந்தார்கள். 10இல் இவ்விரண்டும் இயல்பாக வரும் எழுத்துருக்களிலிருந்து எடுக்கப்பட்டு, விரும்பினால் சேர்த்துக்கொள்ளும் துணைத் தொகுதியாக வைக்கப்பட்டன. அவற்றின் இடத்தில் நிர்மலா நிற்கிறது. இம்முறை எழுத்து அழியவில்லை, ஏனெனில் ஒருங்குறியில் எந்த எழுத்துருவும் அதே தமிழைக் காட்டும். வரி அகலம் மட்டும் மாறி, இரண்டு பக்க வினாத்தாள் மூன்றாம் பக்கத்துக்கு வழிந்தது. பழைய இழப்போடு ஒப்பிட்டால் இது பொருட்படுத்தத் தக்கதே அல்ல. குறியேற்றம் சீரானால் மேம்பாடு எவ்வளவு சாதுவாகிறது என்பதற்கு இதுவே சான்று.

படி எடுக்காமல் மேம்பாட்டை நம்பக் கூடாது என்பதற்கு 2018 அக்டோபர் மேம்பாடு எடுத்துக்காட்டு. அதை நிறுவிய சிலரின் ஆவணக் கோப்புறைகளே அழிந்துபோக, மைக்ரோசாஃப்ட் சில நாள்களில் அதை நிறுத்தி வைத்துத் திருத்தியது. இது கடைக்காரர் தவறு அல்ல, பயனர் தவறும் அல்ல.

2020 ஜூலையில், பெருந்தொற்றால் பள்ளிகள் மூடியிருந்தபோது, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களின் அரசு மடிக்கணினிகளில் காணொலிப் பாடங்கள் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் வழியாக ஏற்றித் தரப்பட்டன. இணைய வசதி இல்லாத வீட்டிலும் பாடம் நடந்தது. அதன் பின் மடிக்கணினித் திட்டம் நின்றுபோயிற்று.

பதினொன்று ஏற்காத கணினிகள்

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. வீட்டுப் பயனர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் பெறலாம். விண்டோஸ் 11 கேட்பவை 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத செயலி. எட்டாம் தலைமுறை வந்தது 2017இல். ஆகவே திட்டத்தின் முதல் ஐந்தாறு ஆண்டுகளில் வழங்கிய மடிக்கணினி எதுவும் இதில் தேறாது. தடையைச் சுற்றிக்கொண்டு 11ஐ நிறுவும் வழிகள் உண்டு. அப்படி நிறுவிய கணினிக்குத் திருத்தங்கள் வரும் என்ற உறுதியை மைக்ரோசாஃப்ட் தருவதில்லை. வீட்டுக் கணக்கும் வங்கிச் சேவையும் பார்க்கும் கணினியில் அதைச் செய்ய நான் சொல்ல மாட்டேன்.

அம்மடிக்கணினிகளுக்கு எஞ்சிய நேர்மையான வழி லினக்ஸ். ஸ்டார்ட்டர் பதிப்பு 32 பிட் மட்டுமே. ஆனால் அது ஓடிய கணினியின் செயலி 64 பிட்டாக இருக்கலாம். இதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13க்கு 32 பிட் நிறுவி கிடையாது. 2025 மார்ச் 14 அன்று தாக்கலான தமிழ்நாட்டு நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. தம்பி தங்கைக்குப் புதியது வரும் வீட்டில், அண்ணனின் பழையதை லினக்சோடு அப்பாவின் கணக்கு வேலைக்கு வைக்கலாம்.

மாற்றும் முன் செய்ய வேண்டியவை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து கிடைக்கும் செயல்முறை எளியது. முதலில் சி டிரைவில் உங்கள் பெயரில் உள்ள கோப்புறை முழுவதையும் வெளி வன்தட்டுக்கு நகலெடுங்கள். முகப்பு, ஆவணங்கள், பதிவிறக்கங்கள் எல்லாம் அதனுள் அடங்கும். அதோடு விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் எழுத்துருக் கோப்புறையையும் எடுத்து வையுங்கள். இதை மறப்பவர்களே அதிகம். எடுத்த படியை வேறொரு கணினியில் திறந்து பார்த்த பிறகே அது படி ஆகும்.

பழைய எழுத்துருவில் உள்ள கோப்புகளை இயங்குதளம் மாறுவதற்கு முன்பே ஒருங்குறிக்கு மாற்றுவது நல்லது, ஏனெனில் சரியாக மாறியிருக்கிறதா என்று பார்க்க மூலம் அருகிலேயே படிக்கத்தக்க நிலையில் இருக்கும். நியூ ஹொரைசன் மீடியாவின் என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற கருவிகள் இதற்கு உள்ளன. மாற்றிய பின் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். பழைய எழுத்துருக்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுதுபவை: 'கெ' என்பதில் கொம்பு முன்னே, ககரம் பின்னே. ஒருங்குறியில் ககரம் முன்னே, கொம்பு பின்னே. எனவே கெ, கே, கை, கொ, கோ, கௌ வரிசைகளில்தான் பிழை தங்கும். மற்றொன்று, தமிழுக்கு நடுவே வந்த ஆங்கிலச் சொற்கள். கருவி அவற்றையும் தமிழ் என்று எண்ணி மாற்றிவிடும். அறிவியல் வினாத்தாளில் வாய்பாடுகள் சிதைவது இதனால்தான். மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.

இரட்டை இயங்குதளம் உள்ள மடிக்கணினியானால், லினக்ஸ் பகுதியைத் தொடும் முன் விண்டோஸ் தொடக்கத்தைச் சீராக்கும் நிறுவல் பென்டிரைவ் ஒன்று கையில் இருக்கட்டும். மின்கலம் நிறைந்திருக்கட்டும். மேம்பாடு முடிந்து லதா காணவில்லை என்றால், அமைப்புகளில் விருப்ப வசதிகளுக்குள் போய்த் தமிழ்த் துணை எழுத்துருக்களைச் சேர்க்கலாம். இதற்கு இணைய இணைப்பு வேண்டும். வானவில், பாமினி எழுத்துருக்களை எடுத்து வைத்த படியிலிருந்து நிறுவலாம். பழைய விண்டோஸ் முழுவதும் 'விண்டோஸ் ஓல்டு' என்ற கோப்புறையில் பத்து நாள் இருக்கும். அதற்குள் எல்லாக் கோப்புகளையும் திறந்து பார்த்து, ஏதேனும் சரியில்லை என்றால் பழைய பதிப்புக்கே திரும்பிவிடலாம். அதன் பின் அது தானாகவே நீக்கப்பட்டுவிடும்.